பெர்லின் பிச்சைக்காரர்களும் நம்ம மோகனசுந்தரமும்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரே உட்கார்ந்து நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, திருவொற்றியூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

மேடை நையாண்டி வெள்ளித்திரைக்குப் போனபோது பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா? இதுதான் தலைப்பு. எனக்குக் கொடுத்திருக்கிற கட்சி, இழந்ததே அதிகம் என்பது. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "சினிமா இல்லையென்றால் எம்.ஆர். ராதாவை இன்றைக்கு யாருக்குத் தெரியும்?" கைதட்டலும் வாங்கிக்கொண்டார். நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் போகமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச தூரம், பெர்லின் வரைக்கும் போய்விட்டு வரவேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், ரயில் இராயபுரத்திலிருந்தே புறப்படும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதானே புறப்பட்டது! (சிரிப்பு)

ஏன் பெர்லின் என்று கேட்பீர்கள். இந்த ஊர்க் கடற்கரையிலே பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கப்பல் கப்பலாகச் செல்வம் வைத்திருந்தவர், ஓடேந்திப் பிச்சை எடுத்து, பணக்காரனைப் பார்த்துச் சிரித்துப் பாடினார். பிச்சைக்காரன் பாடினால் பணக்காரனுக்கு வலிக்கும் என்று நமக்கு முன்பே தெரியும். அதே சமாசாரத்தை 1728-இல் இலண்டனிலே ஜான் கே என்பவர் 'பிச்சைக்காரர் ஓபரா' என்று நாடகமாகப் போட்டார். திருடன், திருட்டுப் பொருளை வாங்குகிறவன், சிறைக் காவலன். இவர்கள் மூவரும் பேசுவதைக் கேட்டால் மந்திரிகள் பேசுகிற மாதிரியே இருக்கும். அதுதான் அந்த நாடகத்தின் குறும்பு.

சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1928 ஆகஸ்ட் 31, பெர்லின். பெர்டோல்ட் பிரெக்ட் என்கிற முப்பது வயதுக் கவிஞர் அதே கதையை எடுத்துக்கொண்டார். அதை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் எலிசபெத் ஹாப்ட்மன் என்ற பெண்மணி. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லாமல் பிரெக்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய பேர் உண்டு, நான் சொல்லிவிட்டேன். இசை குர்ட் வைல். பெயர் 'மூன்று காசு ஓபரா'. ஓபராவுக்கு டிக்கெட் விலை பணக்காரனுக்குத்தான் கட்டுபடியாகும். இது மூன்று காசு வைத்திருப்பவனுக்கான ஓபரா. வங்காளத்திலே 1969-இலும் மராத்தியிலே 1978-இலும் இதை மேடையேற்றியபோது 'மூணு பைசா' என்பதைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டார்கள்.

கதை என்ன? பீச்சம் என்று ஒருவன், பிச்சைக்காரர்களுக்கு முதலாளி. பிச்சை எடுக்க லைசென்ஸ் அவனிடம் வாங்கவேண்டும். அழுக்குச் சட்டை, கட்டைக் கால், எல்லாம் அவன் கடையிலே வாடகைக்குக் கிடைக்கும். எந்த வேஷம் போட்டால் எந்தத் தெருவிலே காசு விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பான். இரக்கத்தை வைத்து வியாபாரம்! அவன் மகளை மெக்கீத் என்ற கொள்ளைக்காரன் கல்யாணம் செய்துகொள்கிறான். போலீஸ் தலைவனோ மெக்கீத்தின் பழைய பட்டாளத்துக் கூட்டாளி. கடைசியிலே தூக்குமேடை. கயிறு கழுத்துக்கு வந்தாச்சு. அப்போது ராணியின் தூதன் வந்து, மன்னிப்பு, பட்டம், பென்ஷன் மூன்றையும் தந்து காப்பாற்றுகிறான். நாடகத்திலேதான் இப்படி நடக்கும், உங்கள் வாழ்க்கையில் எந்தத் தூதனும் வரமாட்டான் என்பதைப் பார்க்கிறவர்களுக்கு உறைக்க வைக்கிற முடிவு அது.

இதிலே முதல் பாட்டு வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொள்ளைக்காரன் வேஷம் போட்ட ஹாரால்ட் பால்சன் என்ற நடிகருக்குத் தன் கழுத்து டையின் மேலே அவ்வளவு பிரியம். நான் மேடைக்கு வருவதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று பிடிவாதம். நம்ம ஊர் நாயகர்களுக்கு அறிமுகப் பாட்டு வேண்டும் என்கிறார்களே, அந்தக் கதைதான்! பிரெக்ட் என்ன பண்ணினார்? பாட்டைக் கொடுத்தார். ஆனால் பாடுகிறவன் தெருப்பாடகன். பாட்டு முழுக்க அந்த டை கட்டிய கனவான் செய்த கொலைகளின் பட்டியல்! (சிரிப்பு, கைதட்டல்) ஜெர்மனியிலே சந்தை கூடுகிற இடத்திலே, படத்தைக் குச்சியால் காட்டிக் காட்டிக் கொலைக் கதை பாடுகிறவர்கள் இருந்தார்கள். 'மோரிட்டாட்' என்று பெயர்.

இது நமக்குப் புதுசா? கொலைச் சிந்து தெரியாதா? குஜிலிக் கடைத் தெருவிலே மட்டமான காகிதத்தில் அச்சடித்து, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். எங்கே கொலை நடந்தாலும், கோர்ட்டிலே தீர்ப்பு வருவதற்கு முன்னால் சந்தையிலே சிந்து வந்துவிடும். 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கிலே தலை கிடைத்த இடம் நம்ம இராயபுரம் கடற்கரை. பெட்டியிலே அடைத்த உடம்போ போட் மெயிலிலே தெற்கே போனது. அந்த வழக்கைத் திண்ணை திண்ணையாகப் பேசிய ஊருக்கு மெக்கீத்தை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பீச்சத்தையும் வேண்டியதில்லை. 1782 பஞ்சத்திலே கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இராயபுரத்தில்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற பாட்டிமார் இருக்கிறார்கள். பசி வரிசையிலே நின்ற ஊர் இது.

சரி, படத்துக்கு வருகிறேன். நாடகம் பெர்லினிலே பேய் ஓட்டம் ஓடியது. உடனே சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1930-இல் நீரோ படக் கம்பெனி உரிமை வாங்கியது. இயக்குநர் ஜி.டபிள்யூ. பாப்ஸ்ட், சாதாரண ஆள் இல்லை, பெரிய கலைஞர். ஒப்பந்தத்திலே பிரெக்டுக்கு ஓர் உரிமை எழுதியிருந்தது. திரைக்கதையில் அவருடைய யோசனையும் கலக்கவேண்டும். இதற்கிடையிலே பிரெக்டின் அரசியல் மாறிவிட்டது, கார்ல் மார்க்ஸ் படித்துவிட்டார். மேடையிலே இருந்த கதையை அப்படியே தரமாட்டேன் என்று புதுசாக எழுதினார். அதிலே கொள்ளைக்காரன் பாங்கியையே கைப்பற்றி, முதலாளியாகவே உட்கார்ந்துவிடுகிறான். கம்பெனிக்காரன் அலறினான். "நாங்கள் காசு கொடுத்தது ஓடிய நாடகத்துக்கு அய்யா, நீர் நேற்று படித்த புத்தகத்துக்கு இல்லை!" அவன் வாயில் இந்த வார்த்தையை வைத்தது நான்தான். அவன் நிலைமை அதுதான்.

பிரெக்டும் வைலும் கோர்ட்டுக்குப் போனார்கள். வைல் ஜெயித்தார், இசையிலே அவரைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்று ஆயிற்று. பிரெக்ட் தோற்றார். வேலையைப் பாதியில் விட்டது நீர்தான் என்றது கோர்ட். மேல்முறையீட்டுக்குப் போகாமல் கம்பெனியிடம் தொகை வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டார். எதிரணி நண்பர் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். "கொள்கை பேசியவர் காசை வாங்கிக்கொண்டாரே!" வாங்கினார். வாங்கிவிட்டு அந்த வழக்கைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எழுதியவனுக்கு எழுத்து சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. பணம் போட்டவன் வந்து நின்றால் அந்தச் சட்டம் எப்படி வளைகிறது என்பதை நான் சோதனை செய்து பார்த்தேன் என்றார். தோற்றுப்போன வழக்கைச் சோதனை என்று சொல்கிற சாமர்த்தியம் கவிஞனுக்குத்தான் வரும்.

1931 பிப்ரவரியில் படம் வந்தது. பாதிப் பாட்டுகளுக்கு மேல் காணோம். ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? பிரெக்ட் எழுதிக் கம்பெனி வேண்டாம் என்றதே, அந்தப் பாங்கி, அது படத்திலே இருக்கிறது! கொள்ளைக்காரனும் போலீஸ்காரனும் பிச்சைக்கார முதலாளியும் கடைசியிலே பாங்கி நடத்தக் கூட்டுச் சேர்கிறார்கள். பிச்சைக்காரர் ஊர்வலம் பீச்சத்தின் கையை மீறிப் போய் ராணியின் வண்டியை மறிக்கிற காட்சி மேடையிலே காட்டவே முடியாதது. அது படத்தின் பெருமை. ஒப்புக்கொள்கிறேன். நான் கண்ணை மூடிக்கொண்டு கட்சி பேசுகிறவன் இல்லை. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் படத்துக்குத் தடை. நாஜிக்கு அதிலே பல் இருந்தது தெரிந்திருக்கிறது.

அப்புறம் இழந்தது என்ன? மேடையிலே அந்தப் பாட்டுகள் கதையை நிறுத்தும். வெளிச்சம் மாறும், பாட்டின் பெயர் எழுதிய பலகை தெரியும், நடிகன் பாத்திரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து உங்களைப் பார்த்துப் பாடுவான். நீங்கள் அழுதுகொண்டிருந்தால் கண்ணீரைத் துடைத்துவிட்டு யோசிக்கவேண்டும். படத்திலே அதெல்லாம் புகைமூட்டமும் நிழலுமாக ரொம்ப அழகாகிவிட்டது. பிறகு அந்தக் கொலைப் பாட்டு கடல் தாண்டியது. 1954-இல் நியூயார்க்கிலே ஆங்கிலத்தில் நாடகம் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடினார், 1959-இல் பாபி டேரின் பாடினார், உலகமே காலால் தாளம் போட்டது. எத்தனை பேரைக் கொன்றான் என்ற பட்டியலுக்கு ஜோடி ஜோடியாக நடனம்!

அதே 1954. இப்போது நம்ம ஊருக்கு வந்துவிட்டோம். அந்த வருஷம் அக்டோபர், தீபாவளிக்கு 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, 1949 முதல் எம்.ஆர். ராதா மேடைமேடையாக நடித்த நாடகம். படமாக்கியவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார். 'பராசக்தி'யைத் தந்தவர். அதுவும் மேடையிலிருந்து போனதுதான். இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு.

பிரெக்டுக்கும் ராதாவுக்கும் இங்கேதான் வித்தியாசம். பிரெக்ட் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சண்டை போட்டார். ராதா சண்டையை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்! பத்து வருஷத்துக்கு மேலே சினிமா பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். என் நாடகம் நிற்காது, நாடகம் முடிந்த பிறகுதான் படப்பிடிப்புக்கு வருவேன் என்றாராம். சம்பளத்திலும் ஒரு கணக்கு. 1935-இல் 'நந்தனார்' படத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் ஒரு லட்சம் வாங்கினார். அதற்கு மேலே எனக்கு இருபத்தைந்தாயிரம் கூட வேண்டும் என்று கேட்டதாகத் திரையுலகத்திலே சொல்வார்கள். ஜெர்மன்காரருக்கு வக்கீல் வாங்கித் தராததை இவர் வாயாலேயே வாங்கிவிட்டார்.

அதனாலே படத்திலே ராதாவின் குரலுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. வெளிநாட்டிலே படித்துவிட்டு வந்து இறங்கிய மோகனசுந்தரம் தொழிலாளர் கூட்டத்திலே பேசுகிறானே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்துக்கு அது வெறும் காட்சியா? விம்கோ தீப்பெட்டி, எண்ணூர் அசோக் லேலண்ட், படம் வந்த அடுத்த வருஷம் இதே ஊரிலே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். ஷிஃப்ட் முடிந்து, கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு படம் பார்க்கப் போகிற ஆளுக்கு, மேடையேறி வந்து ஓசியிலே உபதேசம் பண்ணுகிற கனவான்களைத் தெரியும். ராதா கிண்டல் பண்ணுவது தன்னையா, தொழிலாளியையா, கூட்டம் போட்ட தலைவரையா என்று பிரிக்கவே முடியாது. மூன்று பேருக்கும் அடி விழும்.

சி.எஸ். ஜெயராமன் பாடுகிற அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு உருகிக்கொண்டு போகிறது. நடுவிலே ராதா குறுக்கே பேசுகிறார். பெர்லினிலே பாட்டு வந்து கதையை வெட்டியது. இங்கே பேச்சு வந்து பாட்டை வெட்டுகிறது. அழப்போன ஆளை அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டி எழுப்புகிற வேலை இரண்டும். பிரெக்டைப் படிக்காமலே அதைச் செய்த கலைஞன். அதுக்குப் பாடம் சொன்னது தரை டிக்கெட்.

"அப்படியானால் உன் கட்சி தோற்றது, உட்கார்" என்கிறார் எதிரணி நண்பர். உட்காரமாட்டேன் அய்யா! இனிமேல்தான் வழக்கே.

மோகனசுந்தரத்துக்கு என்ன நோய்? தொழுநோய். ஏன் வந்தது? தாயை மதிக்கவில்லை, கட்டிய மனைவியைத் தள்ளினான், தாசி வீட்டிலே கிடந்தான், வந்தது. கதை அப்படித்தான் சொல்கிறது. மேடையேறிய மனிதர்கள் யார்? பெரியார் வழியிலே வந்தவர்கள். தலைவிதி இல்லை, முன்வினை இல்லை, பாவ புண்ணியக் கணக்கு இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள். அவர்கள் நாடகத்திலேயே பாவத்தின் சம்பளம் நோயாக வருகிறது! நோய்க்குக் காரணம் கிருமி என்று ஹேன்சன் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார். 1940-களின் கடைசியிலே செங்கல்பட்டு திருமணி மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் சல்ஃபோன் மருந்து கொடுத்துப் பார்த்தார், குணம் தெரிந்தது. சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்! ரயிலேறினால் மருந்து இருக்கிறது. தியேட்டருக்குள்ளே சாபம் ஓடிக்கொண்டிருக்கிறது. இராயபுரம் பக்கத்திலே வெள்ளைக்காரன் காலத்திலேயே தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அந்த நோயாளி வீட்டுப் பிள்ளை அந்தப் படத்தை எந்த முகத்தோடு பார்த்திருக்கும்?

மேடையாக மட்டும் இருந்திருந்தால் என்று நான் கேட்கிறேன். ராதா காலைப் பத்திரிகையிலே படித்ததை இராத்திரி நாடகத்திலே பேசுகிற ஆள். கீழேயிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தால் அங்கேயே பதில். நேற்றைய வசனம் இன்றைக்கு இருக்காது. செங்கல்பட்டு சேதி காதுக்கு வந்த அன்றைக்கே அந்த வசனத்தைத் திருத்துகிற வசதி மேடைக்கு இருந்தது. திருத்தினாரா இல்லையா என்பது வேறு, வசதி இருந்தது. படத்துக்கு? 1954-இலே என்ன சொன்னதோ அதையேதான் இன்றைக்கும் சொல்லும். கதையிலேயே பாருங்கள், மோகனசுந்தரம் கடைசியிலே என்ன கேட்கிறான்? இந்த நோயாளிக் கோலத்திலேயே எனக்குச் சிலை வையுங்கள், பார்த்து நாடு திருந்தட்டும் என்கிறான். சிலை வைத்தார்கள். படச்சுருளே அந்தச் சிலை!

அது சும்மா கதையோடு போச்சா? அதே படத்திலே ராதா தன் மனைவி சந்திராவுக்கு நண்பன் பாலுவை மறுமணம் செய்துவைக்கச் சொல்கிறார். பெண்ணுக்கு மறுமணம். அந்தக் காலத்திலே அது பெரிய புரட்சி, கைதட்டிப் பாராட்டுகிறேன். அடுத்த வருஷம், 1955, இந்துத் திருமணச் சட்டம் வருகிறது. குணப்படுத்த முடியாத தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்று எழுதினார்கள். படத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லார் மனசிலும் இருந்த ஒரே பயம்தான் இரண்டிடத்திலும் இருந்தது. 1981-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது, நோய் முழுசாகக் குணமாகும் என்றாயிற்று. அந்தச் சட்ட வரியை எடுக்க 2019 ஆயிற்று. சட்டத்தையாவது திருத்தினார்கள். படத்தை யார் திருத்துவது? (கைதட்டல்)

இன்னும் ஒரு சேதி. படம் வந்த அதே 1954-இலே சென்னை மாகாண அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. ராதாவின் இராமாயண நாடகத்தை மனசிலே வைத்து வந்த சட்டம் என்பது அன்றைக்கு ஊரறிந்த பேச்சு. நாடகம் போடணுமா, எழுதிய தாளைப் போலீஸிடம் முதலிலே காட்டு! ராதாவுக்கு அதிலே மடங்கத் தெரியவில்லை, சிறைக்குப் போய்வந்தார். சட்டம் அவரையும் தாண்டிக் கிடந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஏன் இதைச் சொல்கிறேன்? ராதாவின் ஒரே வாய். சினிமாக் கொட்டகையிலே அது லட்சம் பேருக்குக் கேட்டது, தணிக்கை முத்திரையோடு நிம்மதியாக ஓடியது. மேடையிலே சில நூறு பேருக்கு முன்னால் அது திறந்தபோதுதான் தனிச்சட்டம் தேவைப்பட்டது. எது கூர்மை என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, எதிரணி நண்பருக்குத் தெரியவில்லை! (பலத்த கைதட்டல்)

நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. சினிமா இல்லையென்றால் ராதாவை யாருக்குத் தெரியும்? உண்மை, என் மாணவர்கள் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குரலைக் காப்பாற்றிக் கொடுத்ததற்குப் பெருமாள் முதலியாருக்கு நன்றி. ஆனால் ராதாவே என்ன பண்ணினார்? படம் ஊரெல்லாம் ஓடிய பிறகும் 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை நிறுத்தவில்லை. தெலுங்கிலே நாகபூஷணம் அதே நாடகத்தை ஆயிரக்கணக்கான தடவை போட்டார். கொட்டகையிலே படம் பார்த்தவனே திரும்ப டிக்கெட் வாங்கி நாடகத்துக்கு வந்து தரையிலே உட்கார்ந்தான். கதை தெரியும், முடிவு தெரியும், வசனம் பாதி மனப்பாடம். அப்புறம் எதுக்கு வந்தான்? இன்றைக்கு ராதா என்ன பேசப்போகிறார் என்று கேட்க வந்தான்.

நடுவர் மணியைக் கையிலே எடுத்துவிட்டார். அடிப்பதற்கு முன்னால் நானே உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு அடுத்து வரும் எதிரணித் தோழி அந்தச் சிலையைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.